மனநல ஆற்றுப்படை

உரைநடை உலகம்

நுழையும்முன்

காய்ச்சல் வந்தவரை ஊரே நலம் விசாரிக்கிறது. மனம் நோயுற்றவர் இருக்கும் வீடோ கதவைச் சாத்திக்கொள்கிறது. உடல்நோய்க்கு எங்குச் செல்ல வேண்டும் என்பதைச் சிறுவரும் அறிவர். மனநோய்க்கு எங்குச் செல்ல வேண்டும் என்பதைக் கற்றோரும் அறியாமல் திகைக்கின்றனர். நகரங்களைவிடச் சிற்றூர்களில் அத்திகைப்பு மிகுதி. கொங்கு நாட்டுச் சிற்றூர்களை முன்னிறுத்தி, மனநல மருத்துவத்தைத் தேடிச் செல்லும் வழியையும் அம்மருத்துவம் ஊர்தேடி வந்த வரலாற்றையும் எடுத்துரைக்கிறது இப்பாடம்.

வழி காட்டும் மரபு

சங்க இலக்கியத்துள் ஆற்றுப்படை என்பது ஒரு தனி வகை. பத்துப்பாட்டில் சரிபாதி நூல்கள் ஆற்றுப்படை நூல்களே. ‘ஆறு’ என்னும் சொல்லுக்கு வழி என்பது பொருள். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞர், வறுமையில் வாடி எதிர்ப்படும் மற்றொரு கலைஞருக்கு அவ்வள்ளலின் ஊர், செல்லும் வழி, வழியில் நேரும் இடர், கிடைக்கும் உணவு ஆகியவற்றை எடுத்துக்கூறி ஆற்றுப்படுத்துவார். மலைபடுகடாம், மலைவழியில் எங்கு எச்சரிக்கையாக நடக்க வேண்டும் என்பதைக்கூட விரித்துரைக்கும். தாம் பெற்ற நலத்தைப் பிறரும் பெறுக என்னும் உள்ளமே இவ்விலக்கிய வகையின் உயிர்.

இன்று மனநல ஆலோசனை வழங்குவோரை ‘ஆற்றுப்படுத்துநர்’ எனத் தமிழில் அழைக்கிறோம். இச்சொல் மிகப் பொருத்தமானது. மனநோய்க்கு மருந்து உண்டு, மருத்துவரும் உண்டு, உரிமை தரும் சட்டமும் உண்டு. ஆயினும் துன்புறும் ஒருவருக்கும் இவற்றுக்கும் இடையே நீண்டதொரு வழி கிடக்கிறது. அவ்வழியைக் காட்டுவோர் இல்லாமையே நம் சிற்றூர்களின் பெருங்குறை.

நோயின் இயல்பு

நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எண்வகை மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. இவையனைத்தும் மனித மனத்திற்கு இயல்பானவை. தேர்வில் தோற்றவர் வருந்துவதும் உறவை இழந்தவர் அழுவதும் நோயாகா. துயரமோ அச்சமோ பல நாள்கள் நீங்காமல் நிலைத்து, உறக்கம், பசி, வேலை, படிப்பு, உறவு ஆகியவற்றைக் குலைக்கும்போதுதான் மருத்துவ உதவி தேவைப்படுகிறது. தாழ்ந்த மனநிலையும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்குமேல் நீடித்தால் அதனை மனச்சோர்வு நோயாகக் கருதி மருத்துவர் ஆராய்வார். காரணமின்றி நெஞ்சம் படபடப்பது மனப்பதற்றம். யாரும் பேசாதபோதும் குரல்கள் கேட்பதும், எல்லாரும் தமக்கு எதிராகச் சூழ்ச்சி செய்வதாக உறுதியாக நம்புவதும் மனச்சிதைவின் அறிகுறிகளாகலாம்.

2015–16ஆம் ஆண்டுகளில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம், தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயதுவந்தோருள் ஏறத்தாழ 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்வதாக அவ்வாய்வு கண்டறிந்தது. நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் உரிய சிகிச்சையைப் பெறவில்லை என்பது அதனினும் வருந்தத்தக்க உண்மை. ஒரு லட்சம் மக்களுக்கு மூன்று மனநல மருத்துவரேனும் தேவைப்படும் நம் நாட்டில், ஒருவர்கூட முழுமையாக இல்லை, கணக்கிட்டால் 0.75 என்னும் அளவே கிடைக்கிறது. அவர்களுள்ளும் பெரும்பாலோர் நகரங்களில் வாழ்கின்றனர்.

> தெரியுமா?
> மனநலக் குறைபாடுகளில் ஏறத்தாழப் பாதி 14 வயதிற்குள்ளாகவே தொடங்கிவிடுகின்றன என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆண்டுதோறும் அக்டோபர் 10ஆம் நாள் உலக மனநல நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

மூவகைத் தொலைவு

ஆனைமலைத் தொடரின்மேல் தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்துள்ள ஊர் வால்பாறை. பொள்ளாச்சியிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவு. ஆழியாற்றைக் கடந்தபின் 40 கொண்டை ஊசி வளைவுகளை ஏறியிறங்க வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து கோயம்புத்தூருக்கு மேலும் 40 கிலோமீட்டர். தோட்டத் தொழிலாளி ஒருவர் கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சென்று திரும்ப ஒரு நாள் முழுதும் தேவை. ஈரோடு மாவட்டத்தின் தாளவாடி மக்களோ சத்தியமங்கலத்தை அடைவதற்குத் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். இது முதல்வகைத் தொலைவு, நிலத்தின் தொலைவு.

இரண்டாவது, பொருளின் தொலைவு. நோயாளி தனியே செல்ல இயலாதபோது துணைக்கு ஒருவர் உடன்செல்ல வேண்டும். இருவரின் அன்றைய கூலி போகும். விசைத்தறியிலும் பின்னலாடைத் தொழிலிலும் கோழிப்பண்ணையிலும் நாட்கூலியை நம்பி வாழ்வோருக்கு இது சிறிய இழப்பன்று. மருத்துவர் மாதந்தோறும் வரச்சொல்லும்போது, மூன்றாம் மாதமே வருகை நின்றுவிடுகிறது.

மூன்றாவது, நாணத்தின் தொலைவு. முந்தைய இரண்டையும் பேருந்தும் பொருளும் குறைத்துவிடும். இதனைக் குறைப்பதே கடினம். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். இருபது வயது மகன் இரவில் உறங்குவதில்லை, தனக்குள் பேசிக்கொள்கிறான், வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டான். “ஒடம்புக்கு ஒண்ணுமில்லைங்க, என்னமோ ஒரே ரோசனையா இருக்கறான்” என்கிறார் தாய். கண்ணேறு என்கிறார் ஒருவர். காற்றுக் கருப்பு என்கிறார் மற்றொருவர். மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள். தலைவலிக்கும் வயிற்று எரிச்சலுக்கும் மாத்திரை வாங்குகிறார்கள். ‘கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று உறவினர் அறிவுரை கூற, பெண் பார்க்கத் தொடங்குகிறார்கள். மனநல மருத்துவரிடம் சென்றது வெளியே தெரிந்தால் தங்கையின் திருமணம் தடைப்படுமே என்னும் அச்சம் வீட்டை வாட்டுகிறது. இதற்குள் ஆண்டுகள் சில கடந்துவிடுகின்றன.

இது கற்பனைக் குடும்பமே. ஆயினும் இத்தகைய குடும்பம் இல்லாத ஊர் அரிது. மனச்சிதைவு போன்ற நோய்களில், நோய் தொடங்கியதற்கும் முதல் சிகிச்சைக்கும் இடைப்பட்ட காலம் நீள நீள, மீள்வது கடினமாகிறது. திருமணம் மனநோய்க்கு மருந்தன்று. அது அறியாத ஒரு பெண்ணையும் அத்துயரில் பங்காளி ஆக்கிவிடுகிறது. அக்குடும்பத்தினர் அன்பற்றவர் அல்லர். அவர்களுக்குத் தெரிந்த வழிகளிலெல்லாம் அவர்கள் நடந்தார்கள். சரியான வழியைக் காட்டுவார் இல்லை.

ஏர்வாடி தந்த பாடம்

வழி தெரியாமையின் விலை எத்துணைக் கொடியது என்பதைத் தமிழ்நாடு 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் கண்டது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் உள்ள தர்கா, மனநோய் தீர வேண்டி எல்லாச் சமயத்தவரும் நாடிவரும் தலமாகும். அதனைச் சுற்றித் தனியார் சிலர் மனநலக் காப்பகங்களை நடத்திவந்தனர். அவற்றுள் ஒரு கீற்றுக் கொட்டகையில் விடியற்காலையில் தீப்பற்றியது. தப்பியோட இயலாதபடி நோயாளிகள் சங்கிலிகளால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் உயிரிழந்தனர்.

அவ்விடத்துக் காப்பகங்கள் மூடப்பட்டன. அங்கிருந்த 500க்கும் மேற்பட்டோர் அரசின் பாதுகாப்பில் சேர்க்கப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தாமே முன்வந்து இந்நிகழ்வை வழக்காக எடுத்துக்கொண்டது. அங்கிருந்தோரை அழைத்துவந்து விட்டவர்கள் பெரும்பாலும் அவர்தம் குடும்பத்தாரே. சொந்த ஊருக்கு அருகில் மருத்துவம் கிடைத்திருந்தால், அவர்கள் அத்துணைத் தொலைவு வந்திருப்பார்களா என்னும் வினாவைத் தமிழ்ச் சமூகம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஊர்தேடி வந்த மருத்துவம்

தமிழகத்தில் மனநோயாளிகளுக்கான மருத்துவமனையின் வரலாறு 1794இல் சென்னையில் தொடங்குகிறது. பின்னர்க் கீழ்ப்பாக்கத்திற்கு இடம்பெயர்ந்த அம்மருத்துவமனையே இன்றைய அரசு மனநலக் காப்பகம். நெடுங்காலம், மனநோய் மருத்துவம் என்றாலே உயர்ந்த மதில்சூழ்ந்த ஒரே இடம் என்னும் எண்ணமே நிலவியது. நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் மா. சாரதா மேனன், 1961 முதல் 1978 வரை அதன் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார். நோய் தணிந்தோர் மீண்டும் குடும்பத்திலும் தொழிலிலும் இடம்பெற வேண்டும் என்பது அவர்தம் வேட்கை. ஓய்வுக்குப்பின் 1984இல் சென்னையில் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளையை நிறுவினார். 1992இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 2021இல் தம் 98ஆம் வயதில் மறைந்தார்.

மதிலுக்கு வெளியே மருத்துவத்தைக் கொண்டுவரும் முயற்சி நாடளவிலும் தொடங்கியது. 1982இல் தேசிய மனநலத் திட்டம் உருவாயிற்று. ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவர்களும் பணியாளர்களும் பயிற்சி பெற்றால், பொதுவான மனநோய்களை அங்கேயே கண்டறிந்து மருந்தளிக்க இயலும் என்பதை, 1980களில் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் நிம்ஹான்ஸ் நடத்திய முன்னோட்டம் காட்டிற்று. அதன் அடிப்படையில் 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கப்பட்டது. அவற்றுள் ஒன்று நம் திருச்சிராப்பள்ளி. இன்று அத்திட்டம் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் செயற்படுகிறது.

2010இல் ஸ்கார்ஃப் நிறுவனம் புதுக்கோட்டை மாவட்டத்தில் புதியதொரு முயற்சியை மேற்கொண்டது. பேருந்து ஒன்றின் உட்புறத்தை ஆலோசனை அறையாகவும் மருந்தகமாகவும் மாற்றியமைத்தது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் ஊர்தோறும் சென்று நோயாளிகளைக் கண்டறிவர். குறித்த நாளில் பேருந்து ஊருக்கு வரும். நோயாளி திரையின்முன் அமர்ந்து, ஏறத்தாழ 400 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில் இருக்கும் மருத்துவரிடம் முகம்பார்த்துப் பேசுவார். மருத்துவர் பரிந்துரைக்கும் மருந்து, பேருந்திலேயே கட்டணமின்றிக் கிடைக்கும். நிலத்தின் தொலைவையும் பொருளின் தொலைவையும் ஒருசேரக் குறைத்த முயற்சி இது. இதில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. திரையும் இணையமும் பின்னரே வந்தன. வீடுவீடாகச் சென்று கதவைத் தட்டிய உள்ளூர்ப் பணியாளரே முதலில் வந்தார்.

கொங்கு நாட்டில் இன்றைய வழி

கொங்கு நாட்டுச் சிற்றூரில் வாழும் ஒருவர் இன்று மனநல மருத்துவத்தை எவ்வாறு நாடலாம்? வழி மூன்று படிகளை உடையது.

முதற்படி, ஊருக்கு அண்மையில் உள்ள ஆரம்பச் சுகாதார நிலையம். கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ அங்குள்ள மருத்துவரிடமோ நிலைமையைக் கூறலாம். மனம் பற்றிப் பேசத் தயங்குவோர், ‘உறக்கம் வரவில்லை’ எனத் தொடங்கினாலும் போதும்.

இரண்டாம் படி, வட்ட மருத்துவமனையும் மாவட்டத் தலைமை மருத்துவமனையும். மாவட்ட மனநலத் திட்டக் குழுவில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் ஆகியோர் உள்ளனர். குறித்த நாள்களில் இக்குழுவினர் வட்ட அளவிலான மருத்துவமனைகளுக்கு வருகின்றனர். எந்த நாளில் எங்கு வருகின்றனர் என்பதை முன்னரே கேட்டறிந்து செல்வது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

மூன்றாம் படி, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள். ஒருகாலத்தில் கொங்கு மக்கள் கோயம்புத்தூரையும் சேலத்தையும் மட்டுமே நம்பியிருந்தனர். 2019இல் கரூரிலும், 2022இல் திருப்பூர், நாமக்கல், உதகமண்டலம் ஆகிய ஊர்களிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. பெருந்துறையிலும் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. பெருந்துறை ‘சானடோரியம்’ என்னும் பெயரைக் கேட்டாலே முந்தைய தலைமுறையினர் காசநோயை எண்ணி அஞ்சினர். அந்நோயையும் வெளியே சொல்லாமல் மறைத்தனர். மருந்து வந்தது, மக்கள் அறிந்தனர், அச்சம் தணிந்தது. மனநோய் குறித்த நாணமும் அவ்வாறே ஒருநாள் தணியும் என நம்ப இடமுண்டு.

இம்மூன்று படிகளுக்கும் முன்னதாக, வீட்டிலிருந்தே எடுத்துவைக்கத்தக்க ஓர் அடியும் உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலிமானஸ் என்னும் தொலைபேசிச் சேவையின் எண் 14416. தமிழ்நாட்டில் இது ‘நட்புடன் உங்களோடு’ என்னும் பெயரில் இயங்குகிறது. பகல் இரவு எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். பல இந்திய மொழிகளில் இச்சேவை கிடைப்பதால், திருப்பூரின் பின்னலாடைத் தொழிலுக்காகத் தொலைமாநிலங்களிலிருந்து வந்து, மொழியறியா ஊரில் தனிமையில் தவிப்போரும் தம் தாய்மொழியிலேயே மனந்திறக்கலாம்.

முதன்முறை மருத்துவரைக் காணச் செல்வோர் அஞ்ச வேண்டியதில்லை. உறக்கம், உணவு, வேலை, குடும்பம், மனத்தில் ஓடும் எண்ணங்கள் ஆகியவை பற்றி மருத்துவர் வினவுவார். வினாக்களே இம்மருத்துவத்தின் முதன்மைக் கருவிகள். தைராய்டுச் சுரப்புக் குறைவும் மனச்சோர்வைப் போன்ற அறிகுறிகளைக் காட்டும் என்பதால் சிலருக்கு இரத்தப் பரிசோதனையும் செய்யப்படும். சிலருக்குப் பேச்சுவழிச் சிகிச்சையே போதும். சிலருக்கு மருந்தும் தேவைப்படும். ‘மனநோய்க்குத் தருபவை எல்லாம் தூக்க மாத்திரைகள்’ என்பது தவறான எண்ணம். மனச்சோர்வுக்கான மருந்து பயன்தரத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் ‘பயனில்லை’ என்றோ, சற்றுத் தேறியதும் ‘குணமாகிவிட்டது’ என்றோ தாமாக நிறுத்திவிடுவது கேடு தரும். நோய் திரும்புவதற்கு இதுவே பெரிதும் காரணமாகிறது. சர்க்கரை நோய்க்கு மருந்தைத் தொடர்வது போன்றே இதற்கும் மருத்துவர் கூறும்வரை தொடர வேண்டும்.

நம்பிக்கையும் மருத்துவமும்

குலதெய்வத்தை வணங்காமல் எச்செயலையும் தொடங்காத மண் கொங்கு மண். துன்பம் வரும்போது கோவிலை நாடும் மக்களை அறியாதவர் என இகழ்வது முறையன்று. வழிபாடு மனத்திற்கு ஆறுதல் தருகிறது, உறவினரை ஒன்றுகூட்டுகிறது. ஆனால், வழிபாட்டைக் காரணம் காட்டி மருத்துவத்தைத் தள்ளிப்போடும்போதும், பேயோட்டுதல் என்னும் பெயரில் நோயாளியை அடிக்கும்போதும், பட்டினி போடும்போதும், கட்டிவைக்கும்போதும் அது கொடுமையாகிறது.

இவ்விரண்டையும் பகைவராக்காமல் இணைக்கும் முயற்சிக்கு ஏர்வாடியே சான்றாக விளங்குகிறது. துயரம் நிகழ்ந்த அவ்வூரில், ‘மருந்தும் வேண்டுதலும்’ என்னும் பொருள்படும் ‘தவா–துவா’ திட்டத்தின்கீழ், வழிபட வருவோருக்கு மனநல மருத்துவமும் அளிக்கப்பட்டு வருகிறது. கயிறு கட்டும் கையே மருத்துவமனைக்கும் வழிகாட்டினால், எத்தனையோ குடும்பங்கள் இழக்கும் ஆண்டுகள் மிச்சமாகும்.

மரப்பலகைப் பாட்டிகள்

ஆப்பிரிக்க நாடான சிம்பாப்வேயிலும் மனநல மருத்துவர் மிகச் சிலரே. அந்நாட்டு மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, 2006இல் தம்மிடம் இருந்த வளம் யாது என எண்ணிப் பார்த்தார். ஊர்தோறும் பாட்டிமார் இருந்தனர். அவர்களிடம் கேட்கும் பொறுமை இருந்தது; ஊராரின் மதிப்பும் இருந்தது. சிக்கலைத் தீர்க்கும் எளிய ஆலோசனை முறையில் அவர்களுக்குப் பயிற்சியளித்தார். சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு மரப்பலகை இடப்பட்டது. துன்புறுவோர் அதில் பாட்டியின் அருகில் அமர்ந்து பேசினர். ‘நட்புப் பலகை’ எனப்படும் அத்திட்டம் மனச்சோர்வின் அறிகுறிகளைக் குறைத்தது என்பதை 2016இல் வெளியான ஆய்வு மெய்ப்பித்தது.

அம்மக்களின் சோனா மொழியில் மனச்சோர்வைக் குறிக்கும் சொல்லின் பொருள் ‘மிகுதியாக எண்ணுதல்’ என்பதாகும். “ஒரே ரோசனையா இருக்குதுங்க” என்னும் நம் கொங்குத் தாயின் சொல்லும் அதுவே அன்றோ! கடல்கடந்த இரு நிலத்து மக்கள் ஒரே துன்பத்திற்கு ஒரே பெயரை இட்டிருக்கின்றனர். பாட்டி அமரும் பலகை அங்கு உண்டெனில், திண்ணையும் வேப்பமரத்தடியும் இங்கு உண்டு.

> தெரியுமா?
> மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, மனநோயையும் மாற்றுத்திறன் வகைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. தகுதியுடையோர் அரசு மருத்துவமனையில் அதற்குரிய சான்றிதழைப் பெறலாம்.

சட்டம் தரும் உரிமை

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல மருத்துவம் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியது. உடல்நோய்க்கும் மனநோய்க்கும் மருத்துவத்திலும் காப்பீட்டிலும் வேறுபாடு காட்டலாகாது என அது வலியுறுத்துகிறது. நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை அது தடைசெய்கிறது. நோய் பற்றிய செய்திகளைக் கமுக்கமாகக் காக்க வேண்டும் என்கிறது. தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற ஒருவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, அவருக்குத் தண்டனையன்று, பராமரிப்பே தேவை என்னும் பார்வையை முன்வைக்கிறது. மாவட்டத்தில் குறைந்தபட்ச அரசுச் சேவைகள் இல்லையெனில், அம்மாவட்டத்தின் பிற நிறுவனங்களில் பெறும் சிகிச்சையின் செலவை அரசே ஏற்க வேண்டும் என்றும் கூறுகிறது. சிற்றூர் மக்களுக்கு இது வலிமையான உரிமை. ஆயினும் அறியாதவரிடத்து உரிமை, பூட்டிய பெட்டியில் உள்ள பொருளை ஒக்கும்.

அருகிருப்போர் கடமை

‘மருந்து’ அதிகாரத்தின் நிறைவில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியோருடன் அருகிருந்து பேணுபவரையும் ஒரு கூறாக வைத்து எண்ணியது அவர்தம் நுண்மாண் நுழைபுலம். காலில் முள் தைத்தவர் தாமே மருத்துவரை நாடுவார். மனம் நோயுற்றவருக்கோ தமக்கு நோயுண்டு என்பதே சிலவேளை புலப்படாது. புலப்பட்டாலும், எழுந்து செல்லும் ஊக்கத்தை அந்நோயே உறிஞ்சிவிடும். ஆதலின், அருகிருப்பவரின் பொறுப்பு ஏனைய நோய்களைவிட இங்குப் பெரிது.

வகுப்பில் கலகலப்பாக இருந்த தோழர் திடீரென ஒதுங்கினால், உண்ணாமல் இருந்தால், பள்ளிக்கு வருவதை நிறுத்தினால், அவர் அருகில் சென்று அமரலாம். ‘இதெல்லாம் ஒரு கவலையா?’ என்று தள்ளாமல், இடைமறிக்காமல் கேட்கலாம். ‘பைத்தியம்’, ‘லூசு’ போன்ற சொற்களை விளையாட்டுக்கும் வழங்காதிருக்கலாம். வாழ்வே வேண்டாம் என்னும் பொருள்பட ஒருவர் பேசினால், அதனை வேடிக்கையாகக் கொள்ளலாகாது. அவரைத் தனியே விடாமல், நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ உடனே கூற வேண்டும். ‘யாரிடமும் சொல்லாதே’ என்று அவர் வேண்டினாலும் உயிர்காக்கும் செய்தியை மறைத்தல் நட்பாகாது. அத்துன்பம் நமக்கே நேர்ந்தாலும் செய்யத்தக்கது இதுவே. ஒருவரிடம் சொல்வதும், 14416 என்னும் எண்ணை அழைப்பதும் மனவலிமையின் அடையாளங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

மருத்துவராவதற்குப் பல்லாண்டுப் படிப்பு வேண்டும். வழிகாட்டுவதற்கு வழியை அறிந்திருந்தால் போதும். “அக்கா, வியாழக்கிழமை நானும் உங்ககூட ஆஸ்பத்திரிக்கு வர்றேனுங்க” என்னும் ஒற்றை வரி, நாணம் என்னும் மூன்றாம் தொலைவைக் கடக்க உதவும் பேருந்தாகும். பரிசில் பெற்ற பாணர் எதிர்வந்த பாணரைக் கண்டு ஒதுங்கிச் செல்லவில்லை, நின்று வழிசொன்னார். மனநோயிலிருந்து மீண்ட ஒருவர் தம் ஊராரிடம் தயக்கமின்றி, ‘நான் சென்றேன், நலம்பெற்றேன், நீங்களும் செல்லுங்கள்’ என்று கூறும் நாளில், கொங்கு நாட்டின் ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஆற்றுப்படை பிறக்கும்.

கலைச்சொல் அறிவோம்

- மனச்சோர்வு – டிப்ரஷன்
- மனப்பதற்றம் – ஆங்சைட்டி
- மனச்சிதைவு – ஸ்கிசோஃப்ரீனியா
- ஆற்றுப்படுத்துதல் – கவுன்சிலிங்
- தொலைநிலை மனநல மருத்துவம் – டெலிசைக்கியாட்ரி

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவக் குழு வரும் நாளையும் நேரத்தையும் கேட்டறிந்து, பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதுக.
2. மனநோய் குறித்து உங்கள் ஊரில் வழங்கும் சொற்களைத் தொகுத்து, அவற்றுள் பிறரைப் புண்படுத்துபவை எவை, பரிவு காட்டுபவை எவை என வகைப்படுத்துக.
3. மனநல மருத்துவத்தை நாடத் தயங்கும் ஒருவருக்கு அவரது நண்பர் வழிகாட்டுவது போன்ற உரையாடலை உங்கள் வட்டார வழக்கில் எழுதி நடித்துக் காட்டுக.

மதிப்பீடு

*குறுவினா*

1. ‘ஆற்றுப்படுத்துநர்’ என்னும் சொல்லின் பொருத்தத்தைக் குறிப்பிடுக.
2. மாவட்ட மனநலத் திட்டக் குழுவில் இடம்பெறுவோர் யாவர்?

*சிறுவினா*

1. சிற்றூர் மக்களுக்கும் மனநல மருத்துவத்திற்கும் இடையே உள்ள மூவகைத் தொலைவை விளக்குக.
2. புதுக்கோட்டைப் பேருந்துத் திட்டத்தையும் சிம்பாப்வேயின் நட்புப் பலகையையும் ஒப்பிடுக.
3. வழிபாடும் மருத்துவமும் இணைந்து செயற்படல் குறித்துப் பாடப்பகுதி கூறுவன யாவை?

*நெடுவினா*

1. மனநோயாளியைப் பேணுவதில் அருகிருப்போரின் பங்கினை, வள்ளுவரின் மருத்துவப் பகுப்பையும் இன்றைய சட்ட உரிமைகளையும் கொண்டு நிறுவுக.